இரண்டு மீன் போட்ட பக்கம்

"கசற்றுக்கு ரெண்டு பக்கம் இருக்கெண்டே தெரியாத நீ, யூனிவேசிற்றிக்குப் போய் என்னத்தைக் கிழிக்கப்போறாய்?"

இதைக் கேட்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. கேட்ட இடம், மெல்பேர்ன் நோபல் பார்க்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சமையலறை, எங்கள் பேச்சில் குசினி. சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பதினொரு உறவினர். எனக்கு அப்போது வயது பதினைந்து. அந்தக் கேள்வி நியாயமானது என்று ஒப்புக்கொள்ள எனக்குப் பத்து வருடங்களுக்கு மேல் பிடித்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவிடம் கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுவார். மன்னாரில் கடலுக்குப் போகும் அப்பாவுக்குக் காற்றையும் நீரோட்டத்தையும் வாசிக்கத் தெரியும், காகிதத்தை வாசிக்கத் தெரியாது. ஆகவே எங்கள் வீட்டுக்கு வரும் எல்லாக் கடிதங்களையும் உடைப்பது நான். வாசிக்கத் தொடங்குமுன் தொண்டையைச் செருமிக்கொள்வேன், பாராளுமன்றத்தில் பேசப்போகிறவளைப்போல. (தண்ணீர் பில்லுக்கும் செருமுவேன்.)

மாமா எங்களை ஸ்பொன்சர் செய்து மெல்பேர்னுக்கு எடுத்தபோது, அப்பாவின் பத்திரங்கள் மட்டும் சரிவரவில்லை. "பிறகு வாறன்" என்று அங்கேயே நின்றுவிட்டார். சண்டைக் காலம், அவருடைய ஊருக்குத் தொலைபேசி இல்லை. எழுதவும் தெரியாத மனிதர் என்ன செய்வார்? கசற்றில், அதாவது ஒலிநாடாவில், பேசி அனுப்புவார். கொழும்பிலிருந்து வரும் யாராவது அதைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவார்கள், மூன்று நான்கு மாதத்துக்கு ஒன்று. கேட்டு முடித்ததும் அதிலேயே எங்கள் பதிலைப் பதிந்து அவருக்குத் திருப்பி அனுப்புவோம்.

அந்தக் கசற்றைத் தனியாகக் கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அப்பா ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லிச் சுகம் விசாரிப்பார் என்பதால், ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை கசற், மாதா சுரூபத்தின் காலடியில் இருக்கும். அப்பா எப்போதும் ஒரு பக்கத்தில்தான் பேசுவார். கூடிப்போனால் பத்து நிமிடம். பேசிய பக்கத்தில் பேனாவால் ஒரு மீன் கீறிவிடுவார். அதுதான் அவருடைய எழுத்து.

இனிப் பாட்டுக்கு வருகிறேன்.

அந்த வருடம் அமெரிக்காவிலிருந்து ஒரு ராப் பாட்டு வந்தது. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் உங்கள் தலைக்குள்ளும் ஓடத் தொடங்கிவிடும், பிறகு இரண்டு நாளைக்கு நிற்காது. அது வந்து ஒரு மாதத்துக்குள் எங்கள் பள்ளிக்கூடத்தில் பொடியன்களின் காற்சட்டைகள் இடுப்பைவிட்டு இறங்கின. தொப்பிகள் பின்பக்கம் திரும்பின. புத்தகப் பையை ஒரு தோளில் மட்டும்தான் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. (நான் இரண்டு தோளிலும் போட்டேன். நடு வகிடு எடுத்து எண்ணெயும் வைத்திருந்தேன்.) வியட்நாம், கம்போடியா, லெபனான், இலங்கை என்று பத்து நாட்டுப் பிள்ளைகள் ஒருவர் வீட்டுச் சாப்பாட்டை மற்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்த இடத்தில், எல்லோருக்கும் தெரிந்த ஒரே மந்திரம் அந்தப் பாட்டுத்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி மனனப் போட்டியில் ஒரு பொடியன் செய்யுளையே அந்தத் தாளத்தில் சொல்லி முடித்தான். நடுவரின் கால் மேசைக்குக் கீழே ஆடியதை நான் என் கண்ணால் கண்டேன்.

பாட்டின் இரண்டாவது பகுதி பயங்கர வேகம். அதை மூச்சுவிடாமல் சொல்லக்கூடியவர்களுக்கு மதிய இடைவேளையில் மரத்தடி வாங்கில், அந்த நீள இருக்கையில், இடம் உண்டு. மற்றவர்கள் புல்லில். நான் ஒரு வருடமாகப் புல்லில் இருந்தேன்.

வாங்கில் இருந்த லியன் என்ற வியட்நாம் பெண் ஒருநாள் என்னைப் பார்த்து, "உனக்கு அது தெரியாது, என்ன?" என்றாள்.

"முழுக்கத் தெரியும்" என்றேன். (பாதி பல்லவிகூடத் தெரியாது.)

"அப்ப திங்கட்கிழமை சொல்லிக் காட்டு."

அன்று வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை பின்னேரம் ரேடியோவில் அந்த வாரப் பாட்டு வரிசை போகும். அந்தப் பாட்டுக் கடைசியில் வரும். பதிந்து வைத்துத் திருப்பித் திருப்பிக் கேட்டால் மனப்பாடம் ஆகிவிடும். எங்களிடம் ரேடியோவும் கசற்றும் சேர்ந்த ஒரு ரெக்கோடர் இருந்தது. வெற்றுக் கசற்தான் இல்லை. வீட்டிலிருந்த ஒரே கசற், வெள்ளி இரவு ஓர் அன்ரி கொண்டுவந்து தந்தது. மாதாவின் காலடியில் இருந்தது.

படித்த மூளை வேலை செய்தது. அப்பா ஒரு பக்கத்தில்தான் பேசுவார். மற்றப் பக்கம் சும்மா கிடக்கிறது. சும்மா கிடப்பதைப் பயன்படுத்துவதில் என்ன பாவம்?

சனிக்கிழமை அம்மா கோழித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன பிறகு கசற்றை எடுத்தேன். ஒரு பக்கத்தில் வழக்கம்போல ஒரு மீன். திருப்பினேன். மறுபக்கத்தில் இரண்டு மீன்கள்.

'அப்பாவுக்கு நேரம் போகேல்லைப் போல' என்று நினைத்துக்கொண்டேன். ஆஸ்திரேலியக் குடிவரவுத் திணைக்களத்தின் பன்னிரண்டு பக்கப் படிவத்தை நிரப்பத் தெரிந்த எனக்கு, ஒரு மீன் என்றால் முதல் பக்கம், இரண்டு மீன் என்றால் இரண்டாம் பக்கம் என்று விளங்கவில்லை.

பாட்டு வந்தது. பதிந்தேன். அது முடிந்த கையோடு நிறுத்தி, தொடக்கத்துக்குச் சுற்றி, அம்மா வரும்வரை முப்பது தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கடைசிச் சொல்லோடு நிறுத்தினேன். ஒரே ஒரு தடவை இன்னும் இரண்டு விநாடி ஓடவிட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திராது. பிறகு ஒற்றை மீன் பக்கத்தை மேலே வைத்து, மாதாவின் காலடியில் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பதினொரு பேரும் வந்தார்கள். கதிரை போதாமல் பாதிப்பேர் நிலத்தில். அப்பாவின் குரல் எப்போதும் மெல்லியது. "அத்தான் கிணத்துக்குள்ள இருந்து கதைக்கிறார்" என்று சொல்லி மாமா சத்தத்தை முழுக்கக் கூட்டிவிட்டார். அப்பா எல்லோரையும் சுகம் கேட்டார். மாமாவின் கால் வலியைக் கேட்டார். என்னிடம், "பிள்ளை, வடிவாப் படி" என்றார். பிறகு ஓர் இடைவெளி. செருமல். (எனக்கு அது யாரிடமிருந்து வந்தது என்று அன்றுதான் தெரிந்தது.)

"மற்றப் பக்கம் றீற்றாவுக்கு மட்டும். மற்ற ஆக்கள் எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடியுங்கோ."

வீடு இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. கல்யாணம் முடித்துப் பதினேழு வருடம், நாலு சொல் சேர்த்துப் பேசாத மனிதர்! றீற்றா என்ற என் அம்மா, முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

"அக்கா, கதவைச் சாத்து. அத்தான் பதினேழு வருசக் கதையும் சொல்லப்போறார்" என்று மாமா எல்லோரையும் குசினிக்குள் தள்ளினார். நான் அசையவில்லை. என்னையும் தள்ளினார். அறைக்குள் அம்மா கசற்றைத் திருப்பித் தொடக்கத்துக்குச் சுற்றும் சத்தம் கேட்டது.

பிறகு சுவர் அதிர்ந்தது. டும். டும். டும்.

அலுமாரிக்குள் கோப்பைகள் ஆடின. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அமெரிக்கர் முழுச் சத்தத்தில், தன் வீரதீரங்களையும் இன்னும் சிலவற்றையும் என் அம்மாவுக்கு விவரித்துக்கொண்டிருந்தார்.

மாமா மெதுவாகக் கேட்டார்: "அத்தான் இப்ப அங்க என்ன தொழில் செய்யிறார்?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அப்போதுதான் மாமா அந்தக் கேள்வியைக் கேட்டார், நான் இந்தக் கட்டுரையின் முதல் வரியில் எழுதிய கேள்வியை.

அம்மா பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏதாவது அழிந்துவிடும் என்று பயந்து, அது முடியும்வரை கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். பாட்டு நின்றது. ஒரு 'டக்'. அதன் பிறகு, சாத்திய கதவையும் தாண்டிக் குசினிவரை அப்பாவின் குரல் வந்தது.

"…அவ்வளவுதான். சிரிக்காதையும், என்ன. இதை இன்னொருக்கா என்னால சொல்லேலாது."

அதற்குப் பிறகு இரைச்சல் மட்டும்.

அம்மா வெளியே வந்தபோது எனக்கு அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எல்லாரும் தேத்தண்ணி குடிச்சாச்சோ?" என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை வாங்கின் முன்னால் நின்று பாட்டை முழுக்கச் சொன்னேன். ஒரு சொல்கூடத் தவறவில்லை. லியன் கைதட்டி, நகர்ந்து இடம் தந்தாள். ஒரு வருடம் ஏங்கிய இடம். கடைசிச் சொல் முடிந்த இடத்தில் எனக்கு 'அவ்வளவுதான்' என்று கேட்டது. உட்காரவில்லை. புல்லுக்கே போய்விட்டேன்.

நடந்ததைச் சொல்லி, அந்தப் பக்கத்தைத் திரும்பவும் பேசி அனுப்பும்படி அப்பாவுக்குக் கசற் அனுப்பினோம். நாலு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது. ஒரே ஒரு மீன். கசற்றின் மேல் விளிம்பிலிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பற்களும் உடைக்கப்பட்டிருந்தன. அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் எதையும் பதிய முடியாது. யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மற்றப் பக்கத்தைப் பற்றி, "அதை இன்னொருக்கா சொல்லேலாதெண்டு அதிலயே சொன்னனான் எல்லோ" என்பதோடு முடித்துக்கொண்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் கல்யாண வீடியோ எடுத்தாலும் சரி, நான் பட்டம் வாங்கிய படத்தைச் சட்டம் போட்டாலும் சரி, மாமாவின் முதல் கேள்வி: "பல்லை உடைச்சாச்சோ?"

ஆனால் உண்மையான விளைவு வேறு. அம்மா அந்தப் பழைய கசற்றை விடவில்லை. வேலையால் வந்ததும் போடுவார். பாட்டைத் தாண்டிப்போக, முன்னுக்கு வேகமாகச் சுற்றும் பொத்தானைக் காட்டிக் கொடுத்தேன். "வேண்டாம், நீ தொட்டது காணும்" என்றார். ஆகவே அந்த மூன்று வரிக்காக, ஒவ்வொரு நாளும் பாட்டை முழுக்கக் கேட்டார், வருடக்கணக்கில். ஆங்கிலத்தில் 'தாங்க் யூ'வுக்கு அப்பால் போகாத என் அம்மா, வெங்காயம் வெட்டிக்கொண்டே அந்த இரண்டாவது பகுதியை மூச்சுவிடாமல் சொல்வார். அர்த்தம் தெரியாது. (நல்லது. தெரிந்தால் சுவாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியிருக்கும்.) பக்கத்து ஊரான டாண்டினோங்கின் மண்டபக் கல்யாணங்களில் அந்தப் பாட்டுப் போட்டால் பிள்ளைகள் எல்லாம் அம்மாவைச் சுற்றி நின்று கைதட்டுவார்கள். பாட்டு முடிந்ததும் அவர்கள் கலைந்துவிடுவார்கள். அம்மா மட்டும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நிற்பார்.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். என் மாணவர்களுக்கு அது பழங்காலப் பாட்டு. "மிஸ், அது எங்கட டாட் கேக்கிறது" என்கிறார்கள்.

போர் நிறுத்தம் வந்த பிறகு அப்பாவும் வந்து சேர்ந்தார். முதல் கல்யாணத்திலேயே அம்மாவின் ராப்பைக் கேட்டு வாய் பிளந்தார். "இது எப்ப படிச்சனீர்?"

"நீங்கள் வரப் பிந்தினபடியால்" என்றார் அம்மா.

அப்பா தரையைப் பார்த்தார். நேரில் இன்னும் குறைவாகத்தான் பேசுகிறார். ஒரே வீட்டில் இரண்டு வருடம் இருந்தும் அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. கசற் மட்டும் இன்னும் மாதாவின் காலடியில் இருக்கிறது. ஓடி ஓடித் தேய்ந்து, அந்த மூன்று வரியும் இப்போது அரைகுறையாகத்தான் கேட்கிறது.

இன்று பூசை முடிந்து வந்ததும், தேடிப்பிடித்து வாங்கிய ஒரு வெற்றுக் கசற்றை அதே ரெக்கோடருக்குள் போட்டேன். மேலே இரண்டு மீன் கீறியிருக்கிறேன். அப்பா அதைப் பார்த்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதியும் பொத்தானை அமத்திவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அம்மாவுக்குக் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உள்ளேயிருந்து ஒரு செருமல் கேட்டது.

ரேடியோவின் அன்ரெனாவை நேற்றே கழற்றிவிட்டேன்.