மூணாம் நம்பர் பல்ப்

எங்கள் தோட்டத்து ஃபெக்டரிக்குள் பல்ப் பாஸுக்குத் தெரியாமல் ஒருத்தர் மூக்கைக்கூடச் சொறிய முடியாது. வயரிங் வேலை பார்த்ததால் பாஸ்; எங்கள் பக்கம் கைத்தொழில் தெரிந்தவரெல்லாம் பாஸ்தான். பல்போடு பேசியதால் பல்ப் பாஸ். அவருடைய சொந்தப் பெயரைப் பேரேட்டில் எழுதிய கிளாக்கர் நானே மறந்துவிட்டேன்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே, இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் நடந்தது இது. தேயிலைத் திருட்டைப் பிடிக்கத் தோட்டத்து மேனேஜர் துரை கொழும்பிலிருந்து நாலு சென்சர் வாங்கி வந்தார். சின்ன வெள்ளைப் பெட்டி, நடுவில் பால்நிறக் கண். எதிரே ஆள் அசைந்தால் உடம்புச் சூட்டை வைத்துக் கண்டுபிடித்துவிடும். பாஸ் மாடிக்கு ஒன்றாகப் பொருத்தி, கீழே பலகையில் நாலு பல்ப் வைத்தார். எந்த மாடியில் ஆள் நடந்தாலும் அந்த மாடியின் பல்ப் எரியும்.

மூன்றே நாளில் திருடனை விட்டுவிட்டு எங்களைப் பிடிக்கத் தொடங்கினார். வெத்தலை போட ஒதுங்கியவர்களை மெகாபோனில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பல்ப் மினுங்கும் தினுசிலேயே யார் நடை என்று தெரியுமாம். ஃபெக்டரிக்கே பொறுப்பான டீமேக்கர் ஐயாவே கக்கூசுக்கு அவரிடம் சொல்லிவிட்டுப் போகும் நிலை வந்தது.

இந்தக் கூத்தெல்லாம் மத்தியானம் வரைதான். எல்லாரும் சாப்பிட இறங்கியபின், ஆளில்லாத மூணாம் மாடியின் பல்ப் எரியும். அணையும். மறுபடி எரியும். மேலே யாரோ போவதும் வருவதுமாக. ஒருநாள் பாஸிடம், வௌவாலாக இருக்கும் என்றேன்.

பாஸ் சோற்றுப் பார்சலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வௌவாலுக்கு ஏதுங்க கிளாக்கரய்யா நடை? இது ஆளுங்க. கொஞ்சம் நொண்டி நடக்குது. ஒங்கள ஒண்ணும் செய்யாது, சாப்பிடுங்க."

அதன்பிறகு எங்கே சோறு இறங்கும்?

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். பூசை முடிந்து ஃபெக்டரியை இரண்டு நாள் மூட வேண்டும். நாலு பல்பும் அணைந்திருந்தால் உள்ளே ஆளில்லை என்று பூட்டுவது வழக்கம். அணைந்திருந்தன. கூட்டுகிற மாரியக்கா பொங்கல் வாங்க வரவில்லையே என்று பாஸ் முனகினார். வீட்டுக்குப் போயிருப்பாள் என்றேன். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. பூட்டுங்கள் என்று இரண்டு தரம் அதட்டினேன்.

அப்போது மூணாம் பல்ப் எரிந்தது.

தினமும் வருகிற ஆள்தானே, போவோம் என்றேன்.

"இன்னிக்கு நடை வேறங்க. ஓடுது," என்றார் பாஸ். "சரி, பொறுங்க. பாத்துட்டு வந்துர்றேன்."

பின்னாலேயே நானும் ஏறினேன். கொழுந்து வாட்டும் தட்டுகளுக்குப் பின்னால் மாரியக்கா மயங்கிக் கிடந்தாள். கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு மட்டும் இருந்தது. தூக்கி வந்து லொறியில் ஏற்றினோம். சீனி வியாதியாம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர்.

ஃபெக்டரி திறந்த அன்று பாஸ் என்னை மேலே கூட்டிப் போய் அந்த சென்சரைக் காட்டினார். பூசையன்று யாரோ பக்தி முற்றி அதன் கண்ணிலேயே சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்கள். காய்ந்து ஓடாகியிருந்தது. பாஸ் கீழே போய்ப் பலகையருகே நிற்க, நான் அதன் முன்னால் கையைக் காலை ஆட்டிக் குதித்தேன். எரியவில்லை என்று கீழிருந்து குரல் வந்தது.

அப்படியானால் அன்று எரிந்தது எப்படி என்று கேட்டேன்.

"அது நமக்கெதுக்குங்க? ஆள் கெடச்சிருச்சில்ல."

வயரில் கோளாறு என்று துரை முடித்துவிட்டார். இருக்கலாம். எனக்கு இன்றும் நெஞ்சை அறுப்பது வேறொன்று. பூட்டச் சொன்னவன் நான். ஊர்க் கதையெல்லாம் மெகாபோனில் வாசித்த மனுஷன் அதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. தீபாவளி தவறாமல் மாரியக்கா எனக்கு முறுக்குச் சுட்டு அனுப்புவாள். கிளாக்கரய்யாதான் மேலே போய்ப் பார்க்கச் சொன்னார் என்று பாஸ் அவளிடம் சொல்லியிருந்தார். அந்த முறுக்கைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அவரை ஒரு தரம் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருக்கும்.