புஷ்பவள்ளியின் தாலியும் துரையின் இயந்திரமும்

லாயாங் லாயாங் ரப்பர் தோட்டம்,
14-6-1936

தங்காக் பட்டணத்தில் துணிக்கடை வைத்து நாலு பேர் மெச்ச வாழும் மச்சான் சபாபதி அவர்களுக்கு, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஐயாசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை புஷ்பவள்ளியும் நலம். உங்கள் வீட்டில் அனைவரும் நலமாயிருக்க முருகன் துணை. போன வாரம் எழுதியிருந்தால், நலம் என்ற சொல்லுக்கே இந்தக் கடிதத்தில் இடமிருந்திருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை ரப்பர் மரங்களுக்கிடையே விறகு பொறுக்கிவிட்டு வீடு திரும்பியவள், கழுத்தைத் தொட்டுப் பார்த்து அலறிவிட்டாள். கயிறு அறுந்து தாலி எங்கோ விழுந்திருந்தது. புதுக்கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு, சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவளுக்குப் பயம். "நீங்க சைக்கிள் ஏறக்கூடாது, ஆத்துப் பக்கம் போகக்கூடாது, மரத்துக்குக் கீழ நிக்கக்கூடாது" என்றாள். ரப்பர் தோட்டத்தில் மரத்தடியில் நிற்காமல் வேறு எங்கே நிற்பது, மச்சான்?

மண்ணில் புதைந்த தண்ணீர்க் குழாய்களைக் கண்டுபிடிக்க எங்கள் துரை சீமையிலிருந்து ஓர் இயந்திரம் தருவித்திருக்கிறார். நீளக் கட்டையின் இரு முனையிலும் ஒவ்வொரு பெட்டி, காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி, இரண்டு திருகு. கீழே உலோகம் இருந்தால் காதுக்குள் கத்தும். கெஞ்சி வாங்கி வந்து, வேலை முடிந்த மாலைகளில் தேடினேன். தனியே விடமாட்டேன் என்று அவளும் கூடவே வந்தாள். இடத் திருகை முழுக்கத் திருகினால், ஒவ்வொரு மரத்திலும் பால் வடிய அடித்திருக்கும் தகரத்துக்கெல்லாம் கத்தியது. குறைத்தால் ரயில் தண்டவாளத்தின் மேல் நிறுத்தினாலும் மௌனம் சாதித்தது. நடுவில் வைத்தால் வெட்டவெளியிலும் ஓயாமல் கத்தியது. இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் புஷ்பவள்ளிதான், "உங்க இடுப்புல இருக்கிற வெள்ளி அரைஞாண்தான் கத்த வைக்குதோ?" என்றாள். ஆனால் கழற்ற விடவில்லை. அரைஞாண் இல்லாத இடுப்பு பிணத்துக்குத்தானாம். முதலில் கறுப்புக் கயிறு ஒன்றை எனக்குக் கட்டி, சாமி கும்பிட்ட பிறகே வெள்ளியை அவிழ்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன்பின் இயந்திரம் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. அன்று ராத்திரியே புஷ்பவள்ளிக்கு நம்பிக்கை வந்து, இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமை, "இந்த மரத்தடியில ஒரு தடவ பாருங்களேன்" என்றாள். பார்த்தேன், காது கிழியக் கத்தியது! தோண்டினால் முதலில் ஒரு பழைய இரும்புச் சட்டி. அதற்குள் தாலி! ஐந்து நாள் மண்ணுக்குள் கிடந்தும் அதில் ஒரு பொட்டு மண் ஒட்டவில்லை. தெய்வச் செயல்!

கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுங்கள்: இடத் திருகு பாதிக்குச் சற்றுக் கீழே, வலத் திருகு ஒரு நூல் இடப்பக்கம். உங்கள் எல்லோருக்கும் ஒரு குறையும் வராமல் அந்த முருகன் காக்கட்டும்.

அன்புள்ள,
ஐயாசாமி

பி.கு: அண்ணே, புஷ்பவள்ளி எழுதுறேன். தபால்ல போடச் சொல்லிக் குடுத்தாரு, படிச்சிட்டேன். தாலி செவ்வாய்க்கிழமை ராத்திரியே அரிசித் தகரத்துக்குள்ள கிடைச்சிருச்சு. அதை மடியில முடிஞ்சுக்கிட்டு ரெண்டு நாள் அவரு கூடவே நடந்தேன், அந்தச் சின்னத் தாலிக்கு அந்த மிஷின் ஒரு சத்தமும் போடல. அதான் வெள்ளிக்கிழமை காலையில இரும்புச் சட்டியையும் சேத்துப் புதைச்சேன். அவருகிட்டச் சொல்லிடாதீங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்குப் பத்தடி முன்னாலயே நடக்கிற மனுசன், தேடின நாளெல்லாம் என் பக்கத்துலயே மெதுவா நடந்தாரு. இன்னும் ரெண்டு நாள் கழிச்சுப் புதைச்சிருக்கலாம்னு இப்பத் தோணுது.