தராசு அக்காவின் பேனா ஊசி

கோவளத்தில் பொய் சொல்லாத தராசு ஒன்றே ஒன்றுதான். அது மீன் விற்கும் தராசு அக்காவின் வலது கை. மீனின் செவுளில் விரலை விட்டுத் தூக்குவாள். "ஒன்னேகால்" என்பாள். சந்தேகப்பட்டு யாராவது பக்கத்துக் கடை மெஷினில் வைத்தால் ஒன்றேகால்தான் காட்டும். காட்டாவிட்டால் மெஷினுக்குத்தான் பேட்டரி மாற்றுவார்கள்.

மனிதர்களையும் விடமாட்டாள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். பி.பார்ம் முடித்து, மெடிக்கல் கடையில் வெள்ளைக் கோட்டுடன் நின்ற முதல் நாள் தெருவே பெருமையாகப் பார்த்தது. தராசு அக்கா மட்டும், "கோட்டோட சேத்து நாப்பத்தொம்போது" என்றாள்.

அவளை எடைபோட யாருக்கும் தைரியம் இருந்ததில்லை. கடைசியில், பாரம் தாங்காத முழங்கால்தான் போட்டது. காலை ஏலத்தில், மணலில் கொட்டிக் கிடக்கும் மீனைக் குனிந்து தூக்க முடியவில்லை. தூக்காமலே ஏலம் கேட்டு இரண்டு முறை ஏமாந்தாள். இன்னும் நாலு முறை ஏமாந்தால் வியாபாரமே போய்விடும்.

கடைக்கு வந்து நின்றாள். "ரிசார்ட்டு மேனேஜர் அம்மா ஒரு ஊசி போட்டுகினு பாதியா ஆய்ட்டாங்க. அதக் குடு."

"டாக்டர் சீட்டு இல்லாம தர முடியாதுக்கா."

"நான் மீனு விக்கும்போது சீட்டா கேக்குறேன்?"

ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, செங்கல்பட்டு போய்ச் சீட்டுடன் திரும்பினாள். கூடவே ஒரு புகார்: "அந்த டாக்டரு மெஷினு பத்து கிலோ சேத்து சொல்லுது பாப்பா."

எடை குறைக்கும் அந்த ஊசி பேனா வடிவில் வரும். விலையைச் சொன்னேன்.

"இன்னாது! ஒரு பேனாவுக்கு ஒரு கூடை வஞ்சிரமா?" டப்பாவை அமுக்கிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். "சரக்கு எப்ப வந்துச்சு?"

"முந்தாநேத்து."

"பழசு. கொறச்சுக்க. இல்லாட்டி, உள்ள நாலு வாரத்து மருந்து கீதுல்ல, ஒரு வாரத்த மட்டும் கூறு போட்டுக் குடு."

கூறு போட முடியாது என்று புரியவைக்க அரைமணி நேரம் ஆனது. மறுநாள் கம்மலை அடகு வைத்து வாங்கினாள். நான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "சில்லுனு வெச்சுக்கணும்க்கா" என்றேன்.

"ஐஸு பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?" என்று சிரித்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, முதல் ஊசி போடும் முறையைக் கேட்க வந்தாள். பேனா மீன்பெட்டியிலிருந்து வெளியே வந்தது. மேலும் கீழும் ஐஸ், நடுவில் கைப்பிடி கல்லுப்பு, வஞ்சிரத்துக்குச் செய்கிற அதே ராஜ மரியாதை.

"பாரு, கல்லு மாதிரி வெச்சுகிறேன்!"

"அக்கா... உறைஞ்சுட்டா மருந்து வீணாப் போயிடும்."

"வெயில்ல வெச்சா எளகிடும்ல?"

"எளகினாலும் போடக் கூடாதுக்கா."

அவள் கை வெறும் காதைத் தடவியது. எங்கே வைப்பாய் என்று ஒரு கேள்வி, இத்தனை படித்த நான் கேட்டிருக்கலாம்.

அடுத்த பேனாவை என் சம்பளத்தில் வாங்கினேன். சில மாதங்களில் விலை குறைந்த ஊசிகள் வந்தன. கம்மலும் காதுக்குத் திரும்பியது. பேனா மட்டும் அவள் வீட்டுக்குப் போகவே இல்லை. கடை ஃப்ரிட்ஜில், 'தராசு' என்று எழுதிய டப்பாவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வந்து போட்டுக்கொள்வாள். போகும்போது வறுத்த மீன் ஒரு தூக்கு நிறைய வைப்பாள்.

"நாலு வாய்க்கு மேல எறங்க மாட்டேங்குது. நீ துன்னு. சும்மா வாங்குற பழக்கம் எனக்குக் கெடையாது."

போன வாரம் ஏலத்துக்குப் போனேன். கூட்டத்துக்கு நடுவில் அக்கா குனிந்தாள். மெதுவாகத்தான், ஆனால் குனிந்தாள். ஒரு பாறை மீனைத் தூக்கி, "ரெண்டே முக்கா" என்றாள். ஏலக்காரர் அதையே எழுதிக்கொண்டார்.

என்னைப் பார்த்ததும் அதே ஈரக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கினாள். "அம்பத்தாறு!"

கூட்டமே சிரித்தது. அவள் இறக்கிவிட்ட கிலோவெல்லாம் எங்கே போயிற்று என்று என் கோட்டுப் பொத்தானுக்குத் தெரியும். அவளாக விடும்வரை நான் கையை எடுக்கவில்லை.