நாற்பது பேர் கலந்துகொண்ட கூட்டம்

காலை ஒன்பதரை மணிக்குத் திரையில் நான்கு என்று இருந்தது. நினைவூட்டலார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். நான்குதான். துடைத்ததில் அந்த நான்கு இன்னும் பளிச்சென்று தெரிந்தது, அவ்வளவே.

மதியம் மூன்று மணிக்கு இணையவழிக் கருத்தரங்கு. அதற்கு இதுவரை பதிவு செய்தவர்கள் நான்கு பேர். ஒருவர், பேசப்போகும் இயக்குநர். இன்னொருவர் நினைவூட்டலாரே, இணைப்பு வேலை செய்கிறதா என்று பார்க்கப் போட்ட சோதனைப் பதிவு. மூன்றாமவர் ஈரல் பிரிவு மருத்துவர். நான்காவதாக, 'கைபேசி' என்ற பெயரில் எல்லாக் கூட்டத்துக்கும் தவறாமல் வந்துவிடும் ஓர் அம்மாள்.

வளர்சிதைமாற்ற, செரிமான, சிறுநீரக நோய்களுக்கான உயராய்வு நிறுவனம் என்று வாசல் பலகையில் எழுதியிருந்தது. பலகைக்கு அடியில் நிற்கும் காவலாளி உட்பட எல்லோரும் அதை 'வயித்து ஆபீஸ்' என்பார்கள். நோய்களை ஆராய்வது, ஆராய்ந்ததைப் பற்றிக் கூட்டம் போடுவது என்று அங்கே இரண்டு வேலைகள். இரண்டாவது வேலை தடங்கல் இல்லாமல் நடந்துவந்தது. 'வரவிருக்கும் கூட்டங்கள்' பக்கத்தில் தேதி போடுவதும், முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், இறுதி நினைவூட்டல் என்று கடிதம் அனுப்புவதும் கூட்டப் பிரிவு குமாஸ்தாவின் பொறுப்பு. இருபத்திரண்டு வருடமாக அதையே செய்ததில் மனிதருக்கு நினைவூட்டல் என்றே பெயர் வந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

போன மாதம் மேலிடத்திலிருந்து செயலாளரின் சுற்றறிக்கை வந்திருந்தது. இனி இயக்குநர் பேசும் ஏதாவது ஒரு கூட்டத்துக்கு நாற்பது பேருக்குக் குறைவாக ஆள் வந்தால் கூட்டப் பிரிவு மூடப்படும். குமாஸ்தா கருவிக் கிடங்குக்கு மாற்றப்படுவார். கிடங்கு ஏழு மணி நேர ரயில் தூரத்தில் இருந்தது. மனைவி இங்கே பள்ளியில் ஆசிரியை. கூட வர வழியில்லை. முன்பு அங்கே போன இருவரில் ஒருவர் ஆறே மாதத்தில் ராஜினாமா செய்தார். மற்றவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அன்று புதன். மூன்று மணிக்கு இயக்குநரின் சிறுநீரகக் கூட்டம் மட்டும் இல்லை. ஈரல் கூட்டமும் சர்க்கரைக் கூட்டமும் அதே நேரத்தில்தான். மூன்றையும் ஒன்றாகப் போட்டவர் நினைவூட்டலார். மூன்று தலைவர்களும் தனித்தனியாக வந்து, புதன் மூன்று மணி தவிர வேறெதுவும் தங்கள் தகுதிக்கு ஒத்துவராது என்றார்கள். மூவருக்கும் சரி என்று தலையாட்டிவிட்டார். தலை ஒன்றுதான், ஆட்டம் மூன்று.

பத்து மணிக்கு எல்லோருக்கும் இறுதி நினைவூட்டல் அனுப்பினார். பத்து ஐந்துக்குத் திரையில் மூன்று என்று ஆனது. ஈரல் மருத்துவருக்குத் தான் பதிவு செய்தது நினைவுக்கு வந்து, ரத்து செய்துவிட்டார்.

நேரிலேயே கேட்டுவிடலாம் என்று மாடி ஏறினார். முதல் திருப்பத்திலேயே மூச்சு வாங்கியது. படியில் உட்கார்ந்தார். சர்க்கரைப் பிரிவுத் தலைவர் இறங்கி வந்தார்.

"இப்படி உக்காந்தே இருக்காதீங்க நினைவூட்டல். நடக்கணும். தினம் ஆறாயிரம் அடி."

"நடந்துதான் சார் வந்தேன்."

அவர் போன பிறகு செரிமானப் பிரிவு மருத்துவர் வந்தார். "சாப்பாட்டைக் குறைங்க," என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார். நினைவூட்டலார் நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவே இல்லை. இதற்கு மேல் எதைக் குறைப்பது என்று கேட்க ஆள் இல்லை. கடைசியில் ஈரல் மருத்துவரே வந்துசேர்ந்தார்.

"ஏன் சார் ரத்து பண்ணிட்டீங்க?"

"நல்லவேளை நீங்க ஞாபகப்படுத்தினீங்க. அதே நேரத்துல எங்க கூட்டம் இருக்கே."

"பேரை மட்டும் போட்டு, அதையும் ஒரு ஓரத்துல திறந்து வச்சிட்டா..."

"எப்பவும் அதானே செய்வேன். ஆனா எங்களுக்கே ஆள் இல்லையே. உங்க பக்கத்துலருந்து ஒரு பத்து பேர் அனுப்ப முடியுமா?"

இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, ஒரு வாய் வைத்து, மூடினார். பூட்டை நக்கியதுபோல் இருந்தது. அதற்குள் மனைவியின் அழைப்பு.

"சாப்பிட்டீங்களா?"

"பாத்திரத்தை மாத்து. எதைத் தின்னாலும் துரு வாடை."

"நானும் அதே பாத்திரத்துல இருந்துதான் தின்னேன். எனக்கு ஒண்ணும் தெரியலை. புது ஷூ எப்படி இருக்கு?"

"கடிக்குது."

"ஒரு சைஸ் பெரிசால்ல வாங்கினோம்?"

"அதுவும் பத்தலை."

"ஐம்பத்தி மூணு வயசுல கால் வளருதா உங்களுக்கு? அங்கதான் தடுக்கி விழுந்தா ஒரு டாக்டர் மேல விழணும்கறீங்க. யார்கிட்டயாவது காட்டினா என்ன?"

"ஷூ பத்தலைன்னு டாக்டர்கிட்ட போனா சிரிப்பாங்க. கடைக்காரன்கிட்ட காட்டணும்."

"குரல் ஏன் இப்படி இருக்கு? வேற எதாவது விஷயமா?"

"ஒண்ணுமில்லை."

கிடங்கு விஷயத்தை அவர் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. அழைப்பை வைத்த பிறகு மனைவியைப் பற்றி நினைத்தார். மனைவியிலிருந்து மனைவியின் அண்ணன், அவருடைய மாமியார், அந்த வீட்டு மாப்பிள்ளைகள் என்று நினைப்பு நீண்டது. தங்கள் கல்யாணத்துக்குத் திரண்ட கூட்டம் கண்முன் வந்தது. அப்படி ஒரு கூட்டம் இந்த நிறுவனத்தில் ஒருநாளும் கூடியதில்லை.

மூன்றாம் மாடியில் பயிற்சிக் கூடம் பூட்டிக் கிடந்தது. அதில் முப்பத்தெட்டு கணினிகள். நான்கு சுவர் ஓரமும் வரிசையாக, எல்லாத் திரைகளும் நடுவைப் பார்த்து. கணினிக்காரர் வந்து கதவைத் திறந்துவிட்டார்.

"நீங்க எதையும் நோண்ட வேண்டாம். பயிற்சிக்கு வர்றவங்க தூங்கறாங்கன்னு, கூட்டத்தலைவர் ஒரு பட்டனை அழுத்தினா கூட்டத்துல இருக்கறவங்க காமிரா, மைக் எல்லாம் தானா திறக்கற மாதிரி வச்சிருக்கேன்."

"சரி, சரி," என்றார் நினைவூட்டலார். அவர் கணினிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

சோதனைப் பதிவு ஆளாகக் கணக்கில் வராது. முப்பத்தெட்டு கணினி, இயக்குநர், கைபேசி அம்மாள். நாற்பது. கடவுளே கூட்டிப் போட்ட கணக்குபோல் இருந்தது.

ஒவ்வொரு கணினிக்கும் ஓர் உறவினர் பெயரைக் கொடுத்து, முன்னால் டாக்டர் என்று சேர்த்தார். மாத்திரை விழுங்கவே பயப்படும் சகலை, வளர்சிதைமாற்ற நிபுணர் ஆனார். பத்தாம் வகுப்பை மூன்று முறை எழுதிய மைத்துனர் குடலியல் பேராசிரியர். கல்யாணத்தில் இலை போடவில்லை என்று கோபித்துக்கொண்டு போன பெரியப்பாவுக்கு மட்டும் வெறும் உதவி ஆய்வாளர் பதவிதான் கிடைத்தது. குனிந்து நிமிர்ந்ததில் கால் விண்ணென்று தெறித்தது. ஷூவையும் காலுறையையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இரண்டே முக்காலுக்கு இயக்குநர் அழைத்தார்.

"என்ன நினைவூட்டல், நாப்பதுன்னு காட்டுதே?"

"ஆமாங்க ஐயா."

"ஈரல் கூட்டத்துல ஆறு பேராம். விஷயம் உள்ளவன் பேசினா தானா வருவாங்க. செயலாளர்கிட்ட இப்பவே சொல்றேன், அவரும் வந்து பாக்கட்டும்."

"அவருக்கு வேலை இருக்குமே ஐயா."

"எனக்காக வருவார். அப்புறம், கடைசியில கேள்வி நேரம் வைங்க. இவ்வளவு பேர் வந்துட்டு வாயை மூடிட்டுப் போனா நல்லா இருக்காது. ஆமா, கைபேசின்னு ஒண்ணு நிக்குதே, யாரது?"

"ஒரு நோயாளிங்க. வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். அங்க படுத்துக்கிட்டே கேப்பாங்க."

"எடுத்துடுங்க. இது அறிவியல் கூட்டம். அவங்க வந்தா சொந்தக் கதை பேசுவாங்க."

எடுத்தால் முப்பத்தொன்பது. செயலாளரைச் சேர்த்துக்கொள்ள முடியாது. அவர் எண்ணுகிறவர், எண்ணப்படுகிறவர் இல்லை.

"மைக்கை மூடியே வச்சிடறேன் ஐயா. எப்பவும் அப்படித்தான்."

எப்பவும் அப்படித்தான். இரண்டு வருடமாக அந்த அம்மாள் ஒவ்வொரு கூட்டத்திலும் கை தூக்கும் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பார். கூட்டம் முடிந்ததும் நினைவூட்டலார் இங்கிருந்தபடி அந்தக் கையை இறக்கிவிடுவார்.

மூன்று மணிக்குச் செயலாளரும் வந்துசேர, இயக்குநர் பேசத் தொடங்கினார். தலைப்பு 'சிறுநீரக நோயின் தொடக்கம்: ஒரு மறுபரிசீலனையை நோக்கிய முன்னோட்டம்'. முதல் இருபது நிமிடம் தான் பெற்ற விருதுகளைக் காட்டினார். அடுத்த இருபது நிமிடம் விருதை வாங்கும்போது எடுத்த படங்களைக் காட்டினார். நினைவூட்டலார் கூடத்தின் நடுவே கண்ணயர்ந்தார். இப்போதெல்லாம் உட்கார்ந்தால் தூக்கம் வந்தது.

"கேள்விகளுக்கு வரலாம்," என்ற குரல் கேட்டு விழித்தார்.

உறவினர்கள் வேலை செய்யவேண்டிய நேரம். நாற்காலியைக் காலால் உந்தி மைத்துனரிடம் போனார். என்ன கேட்பது என்று தெரியவில்லை. போன வருட ஈரல் கூட்டத்துக் கேள்வி ஒன்று நினைவில் இருந்தது, அதையே தட்டினார்.

"அருமையான கேள்வி," என்றார் இயக்குநர். ஈரலைப் பற்றிய கேள்விக்குச் சிறுநீரகத்தை வைத்து எட்டு நிமிடம் பதில் சொன்னார். இருவருக்கும் திருப்தி.

நாற்காலி சகலையிடம் உருண்டது. "நோயாளிகளை நாம் முன்கூட்டியே அறிவது எப்படி?" என்று சகலை கேட்டார்.

"மிக அருமையான கேள்வி. நோயாளி தானா வந்து சொல்ல மாட்டார். அவருக்கே தெரியாது. வயசுன்னு நினைப்பார், அலுப்புன்னு நினைப்பார். கருவி, பரிசோதனை எல்லாம் அப்புறம். முதல்ல மருத்துவன் எதிர்ல இருக்கறவன் முகத்தை நிமிர்ந்து பாக்கணும். இன்னைக்கு யாரு பாக்கறா? நான் பாக்கறேன்."

செயலாளருக்கு இது பிடித்துப்போனது. "நல்லா சொன்னீங்க. ஆனா இங்கயே எல்லாம் கறுப்புக் கட்டமா இருக்கே. யார் முகமும் தெரியலையே."

"அதுக்கென்ன, பாத்துட்டா போச்சு," என்றார் இயக்குநர். கணினிக்காரர் வைத்திருந்த பட்டனை அழுத்தினார்.

முப்பத்தெட்டு கட்டங்களும் ஒரே நொடியில் திறந்தன. முப்பத்தெட்டிலும் நினைவூட்டலார் இருந்தார். வளர்சிதைமாற்ற நிபுணராக நேர்முகம் காட்டினார், குடலியல் பேராசிரியராகக் காதைக் காட்டினார். பன்னிரண்டு மருத்துவர்களுக்குப் பிடரி மட்டும் இருந்தது. உதவி ஆய்வாளரின் காமிரா சரிந்து கிடந்ததால் பெரியப்பா வெறும் காலாக வந்திருந்தார், பக்கத்தில் கழற்றிய ஷூவோடு. நினைவூட்டலார் பதறித் திரும்ப, முப்பத்தெட்டு பேரும் பதறித் திரும்பினார்கள்.

"இது யாரு?" என்றார் செயலாளர்.

"எங்க... எங்க நினைவூட்டல்," என்றார் இயக்குநர்.

"எல்லாரும் அவரேவா?"

நினைவூட்டலார் எழுந்திருக்கப் பார்த்தார். கால் கேட்கவில்லை, அப்படியே உட்கார்ந்தார்.

"ஐயா, நாப்பது பேர் வேணும்னு..."

"பேசாதீங்க," என்றார் இயக்குநர். "இருபத்திரண்டு வருஷமா தினம் இந்த முகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன். இப்படின்னு ஒருநாள்கூட எனக்குத் தெரியாம போச்சே."

"கிடங்கு உத்தரவு நாளைக்குக் காலையில கைக்கு வரும்," என்றார் செயலாளர். "இவரை நீங்க இவ்வளவு நாள் கவனிக்கவே இல்லையா?"

"எப்படிங்க கவனிக்கறது? ஆயிரம் வேலை."

அவமானத்தில் நினைவூட்டலார் தலைகுனிந்தார். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்ற ஒன்றுதான் மனதில் ஓடியது. அப்போதுதான் மூலையில் இருந்த கட்டத்தைப் பார்த்தார். அந்தப் பட்டன் காமிராக்களை மட்டும் திறக்கவில்லை. அவர் மூடி வைத்திருந்த மைக்கையும் திறந்துவிட்டிருந்தது. ஒரு சாய்வுக் கட்டில், பக்கத்தில் சுழலும் இயந்திரம், கையிலிருந்து அதற்குப் போகும் சிவப்புக் குழாய். தலை நரைத்த அம்மாள் ஒருவர் கைபேசியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நான் கொஞ்சம் பேசலாங்களா?"

"நோயாளிகளுக்கு இங்க அனுமதி இல்லைம்மா," என்றார் இயக்குநர்.

"உங்ககிட்ட இல்லைங்க. அந்தத் தம்பிகிட்ட. தம்பி, கண்ணுக்குக் கீழ ரெண்டு பக்கமும் உப்பியிருக்கே, காலையில எந்திரிச்சாலும் அப்படித்தானா?"

நினைவூட்டலார் தலையசைத்தார்.

"கணுக்கால்ல விரலை வச்சு அழுத்துங்க. ம்... நல்லா. இப்ப எடுங்க."

எடுத்தார். விரல் வந்துவிட்டது, குழி அங்கேயே இருந்தது. நோயின் தொடக்கத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிய இயக்குநர் அந்தக் குழியைப் பார்த்தார். செயலாளரும் பார்த்தார். இயந்திரம் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்த ஷூவைத் திருப்பி மாட்டாதீங்க தம்பி," என்றார் அம்மாள். "எனக்கும் முதல்ல செருப்புதான் பத்தாம போச்சு."