முறமா, உலக்கையா?

ஏழு ஏரிகளும் இரண்டு கட்சிகளும் உள்ள ஒரு நாடு இருந்தது. முறக் கட்சி ஆண்டால் உலக்கைக் கட்சி அழும். உலக்கை ஆண்டால் முறம் அழும். மக்கள் இரண்டு ஆட்சியிலும் அழுதார்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை.

வேறொரு நல்ல வழக்கம் இருந்தது. தேர்தலை அறிவித்த நாளிலிருந்து வாக்கு எண்ணி முடியும்வரை அரசாங்கம் யாருக்கும் எந்த நன்மையும் செய்யக் கூடாது. செய்தால் அது வாக்குக்குக் கொடுத்த கையூட்டு ஆகிவிடும். இதற்குச் சுத்த காலம் என்று பெயர். அந்த நாட்களில் அரசாங்க முத்திரையைப் பட்டுத் துணியில் முடிந்து பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். முத்திரை இல்லாமல் ஒரு கூடை மண்ணைக்கூட இடம் மாற்ற முடியாது. இருபது நாள் சங்கதிதானே என்று எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

முறக் கட்சி ஆட்சியின் மூன்றாம் வருஷம், ஆடி மாதத்தில், நாட்டை ஆண்ட பெரிய பிரதானி, தன்னை அழைக்காத ஒரு காதுகுத்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். இரண்டாம் தடவை ரசம் வாங்கிக்கொண்டு சமையல்காரரைப் பாராட்டவும் செய்தார். “தேர்தல முன்னாடியே வைக்கப் போறாரு, அதான்” என்று பந்தியில் ஒருவர் சொன்னார். மறுநாள் நாடு முழுக்க அதே பேச்சு.

பிரதானியிடமே போய்க் கேட்டார்கள். அவர் நெடுநேரம் யோசித்து, “வரும் என்று நான் சொல்லவில்லை. வராது என்றும் நான் சொல்லவில்லை. மக்கள் ஊகிக்கும் உரிமையில் இந்த அரசு தலையிடாது” என்றார்.

சட்ட மந்திரி அதற்கு விளக்கம் கொடுத்தார். “தேர்தல் வரும் என்று மக்கள் நம்பிய கணமே அது மனத்தளவில் வந்துவிடுகிறது. ஆகவே இனிச் சுத்த காலம் வதந்தியிலிருந்தே தொடங்கும்.” ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று முறக் கட்சி மகிழ்ந்தது. ஒன்றும் செய்ய முடியாது என்று உலக்கைக் கட்சி மகிழ்ந்தது. இரண்டு கட்சிகளும் சேர்ந்து கைதூக்கி நிறைவேற்றிய ஒரே சட்டம் அதுதான். முத்திரை பெட்டிக்குள் போனது.

கீழ்மடை என்பது ஏழாவது ஏரிக்கு அடியில் உள்ள ஊர். மாடத்தி அங்கே மடை திறந்து மூடுகிற வேலை பார்த்தாள். அவள் புருஷன் சுடலை பார்த்த வேலை அது. பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து அவர் படுக்கையோடு கிடக்கவே இவள் கைக்கு வந்தது. ஆவணி பிறந்த சமயம், கரையின் வெளிப்பக்கம் நண்டுவளை அளவுக்கு ஒரு கசிவைக் கண்டாள். கசிகிற தண்ணீர் தெளிவாக வந்தால் பயமில்லை. கலங்கலாக வந்தால் கரை உள்ளுக்குள்ளேயே கரைகிறது என்று அர்த்தம். கலங்கலாகத்தான் வந்தது. கரைக்கு நேர் கீழே முதல் வீடு அவளுடையது.

ஏரி அதிகாரியிடம் போய் நின்றாள்.

“அய்யா, கரை கசியுது. நூறு கூடை களிமண்ணும் பத்து ஆளும் குடுத்தீங்கன்னா ரெண்டு நாள்ல அடைச்சிரலாம். ஐப்பசி மழைக்குத் தாங்காதுய்யா.”

அதிகாரி பதறி எழுந்து கதவைச் சாத்தினார். “மெதுவாகப் பேசம்மா. கரை கசிகிறது என்பது ஆளும் கட்சிக்கு எதிரான பிரச்சாரம்.”

“அப்போ கசியலன்னு சொல்லட்டுமா?”

“அது ஆளும் கட்சிக்கு ஆதரவான பிரச்சாரம். இரண்டுமே குற்றம்.”

“தேர்தல் எப்பதான்யா வருது?”

“அதைத்தானே நாடே யோசிக்கிறது!” அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள்? முறமா, உலக்கையா?”

இதற்கிடையில் ஊகத் துறை என்று புதிதாக ஒரு துறை பிறந்தது. கரைகளை அடைக்க ஆளில்லாத நாட்டில் ஊர் ஊராக ஊக அலுவலர்கள் வந்து இறங்கினார்கள். சந்தை மேட்டில் ஒரு கரும்பலகை நட்டார்கள். தினமும் உச்சி வேளையில், நூற்றுக்கு எத்தனை பேர் முறம், எத்தனை பேர் உலக்கை என்று அதில் எழுதுவார்கள். வாத்தியார்கள் பாடத்தை நிறுத்திவிட்டு வீடு வீடாகக் கேட்டு வந்தார்கள். உழுதவர்கள் பாதிச் சாலில் மாட்டை அவிழ்த்துவிட்டு மேட்டுக்கு ஓடினார்கள். ஒரு புள்ளி ஏறினால் ஒரு தெரு சிரித்தது. ஒரு புள்ளி இறங்கினால் அடுத்த தெரு சாப்பிடவில்லை.

புரட்டாசியில் மாடத்தி ஊரைக் கூட்டினாள். “முத்திரையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வீட்டுக்குப் பத்துக் கூட மண்ணு போடுங்க. எங்க வீட்டுக்காரரால எந்திரிச்சு ஓட முடியாது. ஒங்க கால்ல விழுந்து கேக்கேன்” என்றாள். எல்லோருக்கும் மனம் இளகிவிட்டது. நாளைக்கே போடலாம் என்று முடிவாயிற்று.

அப்போது உலக்கைக் கட்சிக்காரர் ஒருவர் எழுந்தார். “போடலாம், தப்பில்ல. ஆனா நாம அடைச்சிட்டோம்னா, எங்க ஆட்சியில ஒரு கரை ஒடஞ்சுதான்னு முறத்துக்காரன்லா ஓட்டுக் கேப்பான்?”

முறக் கட்சிக்காரரும் யோசித்தார். “அதுவும் சரிதான். ஆனா ஜனங்களே மண்ணு சொமந்தாங்கன்னு நீங்க மேட போட்டு எங்க மானத்த வாங்குவீங்க.”

எந்தப் பக்கம் பார்த்தாலும் தேர்தல் முடிந்தபிறகு அடைப்பதே நியாயம் என்று பட்டது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். பிறகு பார்ப்போம் என்று கை தூக்கினேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது. இன்று அந்தக் கையைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

மாடத்தி தனியாகவே மண் சுமந்தாள். எட்டாம் நாள் அலுவலர்கள் வந்து, சுத்த காலத்தில் பொதுமக்களுக்கு நன்மை செய்த குற்றத்துக்காக அவளுடைய மண்வெட்டியையும் கூடையையும் பறிமுதல் செய்தார்கள். பிறகு கையால் அள்ளிப் போட்டாள்.

ஐப்பசி பத்தாம் தேதி, பட்டப்பகலில் கரை உடைந்தது. அன்று உலக்கை முறத்தை முந்தப்போகிறது என்று பேச்சு இருந்ததால் நடக்க முடிந்த அத்தனை பேரும் சந்தை மேட்டில் இருந்தோம். மாடத்தி கரையில் நின்று கத்தியிருக்கிறாள். எங்கள் ஆரவாரத்தில் அது கேட்கவில்லை. வீட்டோடு கிடந்த பத்தொன்பது பேரைத் தண்ணீர் கொண்டுபோயிற்று. அதில் சுடலையும் ஒருவர்.

பிரதானி பல்லக்கில் வந்து மேட்டைப் பார்வையிட்டார். “பலகை மட்டும் இல்லாதிருந்தால் இங்கே நின்ற நானூறு பேரும் வீட்டில் இருந்திருப்பார்கள். ஊகத் துறை நானூறு உயிர்களைக் காத்திருக்கிறது. ஆகவே வீதிக்கு ஒரு பலகை வைக்கப்படும்” என்றார். கூடவே, இந்தத் துயர வேளையில் முன்கூட்டியே தேர்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றும் சொன்னார். வதந்தி முடிந்தது. முத்திரையை வெளியே எடுத்தார்கள். கீழ்மடைக் கரைக்கு நூறு கூடைக் களிமண் போட ஓர் ஆணையும் எழுதினார்கள்.

“வராதுன்னு அவரே சொல்றாருன்னா, நிச்சயம் வரப்போவுது” என்று யாரோ சொன்னார்கள். முத்திரை மறுபடி பெட்டிக்குள் போயிற்று. ஆணை முத்திரை விழாத வெறும் தாளாக வந்து சேர்ந்தது.

எங்களைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். ஊக அலுவலர் ஒருவர் தாளோடு வந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே மாடத்தியிடம் வந்தார்.

“இப்போது தேர்தல் நடந்தால் உங்கள் வாக்கு யாருக்கு அம்மா?”

“எங்க வீட்டுக்காரரு உடம்பு கெடச்சிட்டாய்யா?”

அலுவலர் தாளைப் பார்த்தார். தாளில் முறத்துக்கு ஒரு கட்டம், உலக்கைக்கு ஒரு கட்டம், கருத்துச் சொல்லாதவருக்கு ஒரு கட்டம் இருந்தது. மூன்றாவதில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார்.

அந்தக் கட்டத்தில் மட்டும் இருபத்தாறு கோடு விழுந்திருப்பதாகச் சாயங்காலம் செய்தி வந்தது. மாடத்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளிடம் போய் மன்னிப்பாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். சத்தியமாக எழுந்தேன்.

“இந்த இருபத்தாறும் கடைசி நேரத்துல எந்தப் பக்கம் சாயும்?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“உலக்கைக்குத்தான், வேற யாருக்கு?” என்று சொல்லிக்கொண்டே திரும்பி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.