ஒரு பாட்டுக்கு நாற்பது எம்பி

பந்தக்காலில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் பிள்ளையார் பாட்டில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. அதற்குள் சிவராமலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, ஆம்ப்ளிஃபயரில் செருகியிருந்த பென்டிரைவைப் பிடுங்கிவிட்டார்.

"அண்ணாச்சி, பிள்ளையாரைப் பாதியில நிப்பாட்டக் கூடாது" என்றார் ரேடியோ செட் மூக்காண்டி.

"இது பாட்டா வே? எம்பித்ரீ. பாட்டைப் பிழிஞ்சு சாறைக் கீழ ஊத்திட்டுச் சக்கையைப் பாட விட்டுருக்கீரு. இன்னைக்கு யாரு வாரான்னு தெரியுமா?"

மூக்காண்டிக்குத் தெரியும். சங்கரன்கோவிலில் பாதிப் பேருக்குத் தெரியும். சிவராமலிங்கத்தின் மகள் ஸ்ருதிக்கு இன்று நிச்சயதாம்பூலம். மாப்பிள்ளை வீட்டார் பாளையங்கோட்டையிலிருந்து வேனில் வந்துகொண்டிருந்தார்கள். பத்தரைக்குள் தட்டு மாற்றியாக வேண்டும்.

சிவராமலிங்கம் ஆபீசில் சூப்பிரண்டெண்ட், வீட்டில் சங்கீதத்துக்கு நீதிபதி. ஊரே பல் தேய்த்துக்கொண்டும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டும் செல்போனில் பாட்டுக் கேட்கிற காலத்தில், அவர் ஹாலில் பீரோ உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கரை நிறுத்தி, குளித்துத் திருநீறு பூசி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துதான் கேட்பார். அதுவும் ஃபிளாக் என்கிற வகையில் இருந்தால்தான். அதில் பாட்டு ஒரு துளிகூட வெட்டுப்படாமல் அப்படியே இருக்குமாம். அதனால் இடமும் அப்படியே அடைத்துக்கொள்ளும்.

பழைய வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பா ஆறுமுகச்சாமிக்கு அப்படி ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். ஆறுமுகச்சாமி அதிகம் பேசாத மனிதர். சொந்தமாக இரண்டு கட்டடம் வாடகைக்கு விட்டிருக்கிறார் என்பதற்கு மேல் தரகரும் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு முடிகிறவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த ஒரு பாட்டு எத்தனை எம்பி?"

"நாப்பது" என்றார் சிவராமலிங்கம் பெருமையாக.

"நாப்பதா" என்றவர் கண்ணை மூடினார். காபி ஆறி ஆடை படிகிறவரை திறக்கவில்லை.

ரசிகன் என்றால் இவரல்லவா ரசிகர் என்று சிவராமலிங்கம் அன்றே உருகிப்போனார். அப்பேர்ப்பட்ட காதில், தன் வீட்டு வாசலில் வைத்து எம்பித்ரீ விழுந்தால் மகள் வாழ்வு என்னாவது?

தன் பென்டிரைவைச் செருகினார். ஆம்ப்ளிஃபயரின் சின்னத் திரையில் 'நோ ஃபைல்' என்று வந்தது.

"இது உங்க பாட்டைத் திங்காது அண்ணாச்சி. எம்பித்ரீ மட்டுந்தான் திங்கும். நம்மளதைப் போடட்டா?" என்றார் மூக்காண்டி.

"போட்டீருன்னா குழாயோட உம்மையும் கழட்டி ரோட்டுல வச்சிருவேன்."

அடுப்படியிலிருந்து ஆனந்தவல்லி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ரேடியோ செட்டு பாடாம அவங்க எப்படி வந்து சேருவாங்க?"

நியாயமான கேள்விதான். வீடு புதிது, நகரும் புதிது. தெருவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. செல்போன் வரைபடத்தில் அந்த இடம் இன்றைக்கும் குளமாகத்தான் இருக்கிறது. அதனால் எல்லோரிடமும் சொல்கிற மாதிரியே அவர்களிடமும், "ரைஸ் மில்லைத் தாண்டினதும் கண்ணாடியை இறக்கிருங்க, ரேடியோ செட்டுச் சத்தம் வார பக்கம் வண்டியைத் திருப்புங்க" என்று சொல்லி வைத்திருந்தார்.

"அப்பம் ப்ளூடூத்துல போடுவோம்" என்று சிவராமலிங்கம் மனதைக் கல்லாக்கிக்கொண்டார். ப்ளூடூத் வழியாகப் போனாலும் பாட்டு கொஞ்சம் சாகும். எம்பித்ரீ அளவுக்குச் சாகாது. அவர் செல்போனைக் குழாயோடு இணைத்து, இணையத்தில் இருப்பதிலேயே உசத்தியான தரத்தைத் தேர்ந்தெடுத்தார். குளத்துக்குள் சிக்னல் வருமா? வட்டம் சுற்றியது. ஒரு தம்புரா 'ம்' என்றது. மறுபடியும் வட்டம் சுற்றியது.

அந்த நேரம் பார்த்து, கடைக்குப் போயிருந்த மைத்துனன் சங்கரகணேஷ் போன் பண்ணினான். சிவராமலிங்கம் பதறிப்போய் எடுத்துவிட்டார். செல்போன் குழாயோடு இணைந்திருப்பது அவர் நினைவில் இல்லை.

"அத்தான்" என்றது குழாய், காலி மனைகள் எல்லாம் அதிர. "கேசரிக்கு நெய் பத்தாது. பாதிக்கு டால்டா ஊத்திருவோமா? யாருக்குத் தெரியப் போவுது?"

"டால்டாவா?" என்று சிவராமலிங்கம் கத்தினார். அதுவும் குழாயில் போனது. "நெய்யிலே நீந்தணும்லே கேசரி. எத்தனை டின்னு ஆனாலும் வாங்கிட்டு வா."

வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் குழாயை அண்ணாந்து பார்த்தார்கள். மூக்காண்டி ஒயரைக் கழற்றினார்.

"வேன் பனவடலிசத்திரம் தாண்டியாச்சாம்" என்று உள்ளேயிருந்து ஸ்ருதி சொன்னாள். செல்போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது என்பது அப்பாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

சிவராமலிங்கம் அசரவில்லை. ஹாலில் இருந்த தன் சொந்த ஆம்ப்ளிஃபயரை இரண்டு பேர் தூக்கிவர, அதைக் குழாயோடு இணைத்து, சீரியல் விளக்கு எரிகிற அதே பிளக்கில் செருகினார். டப்பென்று ஒரு சத்தம். விளக்கு போச்சு, ஃபேன் போச்சு, தேங்காய்ச் சட்னி மிக்ஸிக்குள்ளேயே பாதி தேங்காயாக நின்றது.

"உங்க சங்கீதத்துல தீய வைக்க" என்றாள் ஆனந்தவல்லி.

சங்கரகணேஷ் நெய் டின்னோடு வந்து இறங்கினான். முகம் சரியில்லை.

"அத்தான், மாப்பிள்ளை வீட்டு வேனு மேலத்தெருவுல ஒரு சடங்கு வீட்டு வாசல்ல நிக்கி. அங்கதான ரேடியோ பாடுது. நம்ம வீடுன்னு நினைச்சு இறங்கிட்டாங்க. பன்னீர் தெளிச்சு உள்ள உக்கார வச்சுட்டாங்க."

"கூட்டிட்டு வர வேண்டியதுதானல?"

"கூப்பிட்டேன். ஆறுமுகச்சாமி அண்ணாச்சி எந்திக்க மாட்டேங்காரு. 'கொஞ்சம் யோசிக்கணும், வே'ன்னு சொல்லுதாரு. நாம போன்ல பேசினது அங்க வரைக்கும் கேட்டிருக்கு. சடங்கு வீட்டுக்காரங்க அதை அவருகிட்டயும் சொல்லிட்டாங்க."

சிவராமலிங்கம் நெய் டின்னின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். டால்டா என்ற சொல் அந்த ரசிகரின் காதில் விழுந்திருக்கிறது. எல்லாம் போயிற்று. உள்ளே ஸ்ருதி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை எந்த ஃபார்மட்டிலும் அவரால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

ஆனந்தவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "மூக்காண்டி, நீங்க போடுங்க. இவரு ஏதாவது சொன்னா என்கிட்டச் சொல்லுங்க."

மூக்காண்டி தன் லோடு ஆட்டோவின் பேட்டரியிலிருந்து ஒயரை இழுத்து, பென்டிரைவைச் செருகி, சத்தத்தைக் கடைசிவரை திருகினார். பிள்ளையார் பாட்டு தொடக்கத்திலிருந்து கிளம்பியது. கரகரவென்று, மூக்கடைத்த மாதிரி, ஆனால் ஊருக்கே கேட்கிற மாதிரி. சிவராமலிங்கம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

பிள்ளையார் முடிந்து முருகன் பாட்டு பாதி வருவதற்குள் வேன் வாசலுக்கு வந்துவிட்டது.

முதலில் இறங்கியது ஆறுமுகச்சாமி. முகமெல்லாம் பல். பந்தக்காலுக்குக் கீழே நின்று குழாயை அண்ணாந்து பார்த்தார். "அடுத்து அம்மன் பாட்டு" என்றார். அம்மன் பாட்டு வந்தது. "இதுக்கடுத்து ஒரு பழைய டூயட்டு, தபேலாவுல ஆரம்பிக்கும்" என்றார். தபேலாவில்தான் ஆரம்பித்தது.

சிவராமலிங்கத்துக்குப் புல்லரித்தது. ஒரு ராகம் முடிகிற இடத்தை வைத்தே அடுத்த பாட்டைக் கணிக்கிற காது. எம்பித்ரீயையும் மன்னிக்கிற மனசு. இப்படிப்பட்ட சம்பந்தி எந்த ஜென்மத்துப் புண்ணியமோ என்று கண் கலங்கினார்.

பத்தரைக்குள் தட்டு மாற்றியாயிற்று. ஆறுமுகச்சாமி கேசரியை ஒரு வாய் வைத்துவிட்டு, "நெய் ரொம்ப ஜாஸ்தி" என்று மட்டும் சொன்னார். பெரியவர்கள் அடக்கமாகத்தான் பாராட்டுவார்கள் என்று சிவராமலிங்கம் எடுத்துக்கொண்டார்.

கடைசிப் பந்தியில் வேன் டிரைவர் காசி சாப்பிட உட்கார்ந்தான். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்ததால், சிவராமலிங்கம் அவன் இலைக்குத் தானே சாம்பார் ஊற்றினார்.

"உங்க மொதலாளி காது சாதாரணக் காது இல்லப்பா. அடுத்தாப்புல என்ன பாட்டு வரும்னு எப்படிக் கணிக்காரு பாத்தியா?"

காசி வடையைப் பிட்டு சாம்பாரில் முக்கினான்.

"கணிக்கதுக்கு என்ன இருக்கு அண்ணாச்சி, அந்தப் பாட்டையெல்லாம் வரிசையா அடுக்குனதே அவருதான. ஒரே சிடியில இருநூறு எம்பித்ரீ அமுக்கி வித்துத்தான் ரெண்டு கட்டடத்தையும் எழுப்புனாரு. அந்தச் சிடியைத்தான் ரேடியோ செட்டுக்காரங்க பென்டிரைவுல ஏத்தி வச்சிருக்காங்க. 'பாட்டுக்கு நாப்பது எம்பி, கேசரிக்கு டின்னு டின்னா நெய், இப்படி எடமும் பொருளும் அழிக்கிற வீட்டுல எப்படில பொண்ணு எடுக்க'ன்னு அந்தச் சடங்கு வீட்டுல எந்திக்காம உக்காந்திருந்தாரு. நல்லவேளை, உங்க குழாயில நம்ம சரக்கு பாடுச்சு."