எமன் தோற்ற பாட்டு

இந்த முறை எமன் ஜெயித்தே தீர வேண்டும் என்று இடி முடிவு கட்டிவிட்டான்.

இடி என்பது அவனாக வைத்துக்கொண்ட பெயர். வயிற்றுப்பாட்டுக்கு வீடு வீடாகப் போய் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்வான். மற்ற நேரமெல்லாம் 'எமகண்டம்' என்கிற ஹெவி மெட்டல் குழுவின் பாடகன், கிட்டார்க்காரன். டிரம்ஸ் அடிப்பவர் சலூன் வைத்திருந்தார். இடியின் இடுப்பளவு முடியைப் பார்த்தாலே அவருக்குக் கை அரிக்கும். பேஸ் கிட்டார் வாசிப்பவர் மாட்டு டாக்டர். மூவருமாகச் சாவித்திரி கதையை முழு ஆல்பமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தியவான் உயிரை எமன் கொண்டுபோகிறான், சாவித்திரி பின்னாலேயே போய் வாதாடி மீட்டு வருகிறாள். அந்த முடிவைத்தான் இடியால் பொறுக்க முடியவில்லை.

"சாவுக்கே அதிபதிய்யா அவன்! ஒருத்தி வந்து தொணதொணன்னு பேசினா தோத்துடுவானா? என் எமன் தோக்க மாட்டான்!"

அவன் மனைவிக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை. தண்ணீர் வராதவன், கலங்கலாக வந்தவன், பில் மட்டும் தவறாமல் வந்தவன் என்று ஊரே போன் போட்டுத் திட்டும். "சரிங்க சார், பாக்கறோம் சார்" என்பதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. சொல்லாத பதிலெல்லாம் உள்ளே தேங்கிக் கிடந்தது. தண்ணீர்தான் எங்கும் தேங்கவில்லை.

"கதையையே மாத்திட்டீங்களாமே?" என்றாள்.

"கலைஞன்னா மாத்துவான்."

"மெட்டும் காணோம், கதையும் காணோம்."

"இது மெட்டல்டி!"

"ஓ, மெட்டு இல்லேன்னா மெட்டலா?"

இடி பல்லைக் கடித்தான். இவளை வைத்துக்கொண்டு எமலோகத்தை எப்படிக் கட்டுவது?

கடைசிப் பாட்டை வீட்டிலேயே பதிவு செய்தார்கள். அறையில் எதிரொலி தாங்கவில்லை. இடி கட்டில் மெத்தையை உருவி, நடுவில் கிழித்து, இரண்டு சுவரிலும் ஆணி அடித்து மாட்டினான். சத்தம் அடங்கியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு எமனாக உறுமிக்கொண்டிருந்தபோது, வேலை முடிந்து மனைவி வந்தாள். அன்றைக்கு ஒரு பகுதி முழுக்கக் குழாய் வெடித்திருந்தது. ஊர் மொத்தமும் அவள் காதில் கொட்டியிருந்தது. ஐந்து நிமிடம் படுக்கலாம் என்று போனாள். கட்டிலில் பலகை மட்டும் இருந்தது.

கதவு சுவரில் மோதித் திறந்தது.

"எடுத்ததை எடுத்த இடத்துல வை!"

கல்யாணமான நாளிலிருந்து கூடவே இருந்த அந்த 'ங்க' எங்கே போனதென்று தெரியவில்லை.

"யாரைக் கேட்டு எடுத்தே? அது என்ன உங்கப்பன் சொத்தா? நான் படற பாடு உனக்குத் தெரியுமா? வை! இப்பவே வை!"

டாக்டரின் மாடுகள்கூட அப்படிக் கத்தியதில்லை. குரல் அடிவயிற்றில் கிளம்பி ஜன்னல் கண்ணாடியில் போய் நின்றது. இடி கண்ணைத் திறந்தான்.

"சரி... வெச்சிடறேன்" என்றான்.

அப்புறம்தான் கவனித்தான். மாட்டு டாக்டர் பதிவை நிறுத்தவே இல்லை. ஹெட்போனைக் கழற்றியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"இதாங்க சாவித்திரி" என்றார்.

"யோவ், அவ மெத்தையைக் கேக்கறா!"

"கேட்டுப் பாருங்க. உயிரைக் கேக்கற மாதிரியே இருக்கு. எமனும் சரின்னுட்டாரு."

இடி குதித்தான். கிட்டாரை உடைப்பேன் என்றான். சலூன்காரர் உடைக்கச் சொன்னதும் பத்திரமாக உறையில் போட்டான். இரண்டு பேர் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அவள் அலறலும் அவன் 'சரி'யுமாக அந்தப் பாட்டு அப்படியே ஆல்பத்தில் ஏறிவிட்டது. மற்ற பாட்டுகளை யாரும் சீண்டவில்லை. ஆனால் பஸ் நிறுத்தத்தில், காய்கறிக் கடையில், அவன் ரிப்பேருக்குப் போன வீடுகளில் எல்லாம் யாராவது ஒருவர் போனில் "எடுத்ததை எடுத்த இடத்துல வை!" அலறியது. ஒரு வீட்டில் அவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தபோதே அலறியது.

சுற்றுப்பயணத்துக்கு அழைப்பு வந்தது. இடி திட்டம் போட்டான். மனைவிக்குச் சொல்லாமல் கிளம்ப வேண்டியது. அவள் குரலைப் பதிவில் ஓட்ட வேண்டியது. எமனுடைய பதிலை மட்டும் மேடையில் மாற்றிவிட வேண்டியது.

முதல் ஊர். கறுப்புச் சட்டைக் கூட்டம். கடைசிப் பாட்டில் மனைவியின் குரல் ஸ்பீக்கரில் வெடித்தது. தலையில் கிரீடம், கையில் பாசக்கயிறு, இடி மார்பை நிமிர்த்தினான்.

"மாட்டேன்!"

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. அடுத்த கணம் ஒரு செருப்பு வந்தது. அதன் ஜோடியும் வந்தது.

"அந்த அம்மா நேர்ல வரணும்" என்றார் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர். "இல்லேன்னா நீங்களும் வர வேண்டாம்."

இடி கொதித்துக்கொண்டே போன் போட்டான். குரலில் மட்டும் தேன் தடவிக்கொண்டான்.

"என்னம்மா, சும்மாதானே இருக்கே? ஒரு மாறுதலா இங்க வாயேன்."

"செருப்பு பலமா பட்டுதாங்க?" என்றாள். 'ங்க' திரும்பி வந்திருந்தது. சேதி சொல்வதில் டாக்டர் முந்திக்கொண்டிருந்தார்.

"வரியா, மாட்டியா?"

"வரேங்க. மூணு வரம் வேணும்."

"வரமா?"

"புது மெத்தை."

"சரி."

"என் அதிகாரிகிட்ட நீங்களே பேசி லீவு வாங்கணும்."

"சரி, சரி."

"மைக்கை நான் கீழ வைக்கிற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

ஒரு பாட்டுதானே என்று நினைத்தான் இடி. "தந்தேன் போ" என்றான், எமன் மாதிரியே.

அடுத்த ஊரில் நிகழ்ச்சி தொடங்கும்போதே அவள் மேடைக்கு வந்தாள். ஆபீசுக்குப் போகிற அதே புடவை. "வணக்கம் மட்டும் சொல்லிக்கறேன்" என்று மைக்கை வாங்கினாள். சொன்னாள். கீழே வைக்கவில்லை. முதல் பாட்டை அவளே பிடித்தாள். இரண்டாவதையும். சுவருக்கு அந்தப் பக்கம் வருஷக்கணக்காகக் கேட்டுப் புழுங்கியவளுக்கு ஒரு வரிகூடத் தப்பவில்லை. ஊர் திட்டிய திட்டெல்லாம் வட்டியோடு வெளியே வந்தது. கூட்டம் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டது.

இடி வாயை மூடிக்கொண்டு கிட்டாரைப் பிறாண்டினான். சைகை காட்டினான். கண்ணை உருட்டினான். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. கடைசிப் பாட்டும் வந்தது.

"எடுத்ததை எடுத்த இடத்துல..." என்று நிறுத்தி, மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள்.

"வை!" என்றது கூட்டம்.

இடி வெடித்தான். "என் பாட்டுடி! என் எமன்டி! மைக்கைக் குடு!" மைக்கே இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. கிரீடத்தைப் பிடுங்கி எறிந்தான். பாசக்கயிற்றை அவள் காலடியில் வீசினான். "நீயே வெச்சுக்கோ எல்லாத்தையும்!" என்று மேடையை விட்டு இறங்கிப் போனான்.

கூட்டம் எழுந்து நின்றது. எமன் இப்படித் தோற்று யாரும் பார்த்ததில்லை.

மேடைக்குப் பின்னால் ஏற்பாட்டாளர் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டார். "என்ன நடிப்பு சார்! எல்லா ஊர்லயும் இதே மாதிரி வேணும். ஆனா இவ்வளவு கோபம் தினமும் வருமா சார்?"

இடி பதில் சொல்ல வாயைத் திறந்தான். மனைவி கையில் இன்னும் மைக் இருந்தது.

"அதை நான் பாத்துக்கறேங்க" என்றாள்.